தண்ணீரில் நின்ற படகுக்காரி

இப்போதெல்லாம் எவனும் எதையும் முடிப்பதில்லை. அரைகுறையாகக் கையில் திணித்துவிட்டு, அப்புறம் சரி பண்ணிக்கலாம் என்கிறார்கள். நான் முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக். பிரேக் பார்க்காமல் ஒரு வண்டியையும் வெளியே விட்டதில்லை.

என் மகள் வீடியோ கேம் செய்யும் கம்பெனியில் இருக்கிறாள். அவள் செய்த விளையாட்டில் ஆற்றைக் கடத்திவிட ஒரு படகுக்காரி வருவாள். அதற்குக் குரல் கொடுத்தது என் சம்சாரம். வெளி இரைச்சல் விழக்கூடாதென்று துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினாள்: "ஏறுங்க, பயப்படாதீங்க. நான் கொண்டுபோய் விடுறேன்." அப்போதே அவளுக்கு நுரையீரல் பாதி போயிருந்தது. அதைத் திரையில் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தாள்.

விளையாட்டில் சரி பண்ண வேண்டிய நானூறு குறை பாக்கி என்று மகளே சொன்னாள். ஆனாலும் வெளியிட்டுவிட்டார்கள்.

சம்சாரத்தைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தோம். படகுக்காரி கூப்பிட்டாள். ஆட்கள் ஏறினார்கள். படகு கிளம்பியது. படகுக்காரி மட்டும் ஏறவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, வெறும் காற்றில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாருங்க, என்னை மட்டும் விட்டுட்டுப் போயிடுச்சு," என்று சம்சாரம் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் என்றாள் மகள். ஒன்பதாம் நாள் சம்சாரம் போய்ச் சேர்ந்தாள்.

அப்டேட் வந்தது ஐந்தாவது வாரம். மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். இந்தத் தடவை படகுக்காரி ஏறினாள்தான். அக்கரை வரைக்கும் துடுப்பு வலித்தாள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று கேட்டேன். பிரேக் இல்லாத வண்டியை ரோட்டில் விட உன் முதலாளிக்கு என்ன அவசரம் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை. "அவர் மூணு மாசம் தள்ளிப்போடலாம்னுதான்ப்பா சொன்னார். ரெடின்னு கையெழுத்துப் போட்டது நான். அம்மாவுக்கு மூணு மாசம் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார்ல?"

திரையைக் காட்டிக் கேட்டேன்.

"உங்கம்மா பார்த்தா, சரிம்மா. என்னத்தைப் பார்த்தா?"

"சிரிச்சாங்கப்பா."

சிரித்தாள்தான். ஆனால் அதற்கப்புறம் ஒரு தடவைகூட அதைப் போடச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் அது தெரியும். மகளிடம் சொல்லவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பின்னால் லேப்டாப்பிலிருந்து சம்சாரத்தின் குரல் கூப்பிட்டது, ஏறுங்க, பயப்படாதீங்க என்று. நான் திரும்பவில்லை. என்ன காரணம் சொன்னாலும், முடிக்காத வேலை முடிக்காத வேலைதான்.