பக்கத்து இருக்கையில் அறுபத்து நான்கு கிலோ

கம்பெனி வேன் இந்த மாதக் கடைசியோடு நின்றுவிடும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அதையும் கோணலாக ஒட்டியிருந்தார்கள். தராசு செய்கிற கம்பெனியில் ஒரு தாளை நேராக ஒட்ட ஆளில்லை. கம்பெனி புது இடத்துக்கு மாறி ஒரு வருஷம்தான் ஆகிறது. என் வீட்டிலிருந்து நாற்பத்திரண்டு கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் மூன்று மாற வேண்டும், அந்த மூன்றாவது எப்போது வரும் என்பது அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது. ஆக, ஐம்பத்தாறு வயதில் எனக்கு ஒரு கார் தேவைப்பட்டது.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவர்கள் காரை விட்டுவிட்டார்கள். கேன்டீனில் வாய் தவறிச் சொன்ன நாளிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அப்பன் ஆகிவிட்டார்கள். ஸ்டோர் கீப்பர் டீசல் என்றார். பெயின்ட் அடிக்கிறவர் டீசல் பக்கமே தலைவைத்துப் படுக்காதே என்றார். கணக்குப் பிரிவு அம்மா தன் கொழுந்தனார் வண்டி லிட்டருக்கு இருபத்தைந்து கொடுக்கிறது என்று சத்தியம் செய்தார். அளந்தாரா என்று கேட்டேன். அவரே சொன்னாராம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய். தீர விசாரிப்பதுகூட என் தொழிலில் போதாது, அளக்க வேண்டும்.

இருபத்தேழு வருஷமாகத் தராசுகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். கடைத் தராசு, ஆஸ்பத்திரித் தராசு, லாரி ஏறி நிற்கிற தராசு எல்லாம். எடைக்கல்லை வைப்பேன், அது காட்டுகிற எண்ணை எழுதுவேன். தேறினால் முத்திரை, தேறாவிட்டால் வந்த வழியே திரும்பிப் போகட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை மறுசோதனைக்கு வராத தராசை நான் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இன்றுவரை ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. எனக்கு நண்பர்கள் குறைவு என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம்.

என் மனைவி மகள் வீட்டில் இருக்கிறாள், கடல் தாண்டி. மகளின் பிரசவத்துக்கு ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு குழந்தை நடக்கட்டும் என்றாள். நடந்தது. பேசட்டும் என்றாள். அது இப்போது இரண்டு மொழியில் எதிர்த்துப் பேசுகிறது. அதற்குள் இரண்டாவது பிறந்துவிட்டது. மூன்று வருஷம் ஓடிப்போயிற்று. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்தால் சமாதானம் என்று ஒன்றாவது பேசியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவளுக்கு அப்போது காலை, போனில் பேசுவோம். என்ன சமைத்தீர்கள் என்பாள். ஏதோ சமைத்தேன் என்பேன். தனியாக இருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இதை அவளிடம் சொன்னதில்லை. எப்போது வருகிறாய் என்றும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

பழைய கார் விற்கிறவரை எல்லோரும் 'ஹார்ன்' என்றுதான் கூப்பிடுவார்கள், குரல் அப்படி. இரண்டு வண்டிகளைக் காட்டினார். ஒன்று சின்னச் சிவப்பு வண்டி. ஐந்து வருஷப் பழசு, பின்கதவில் ஒரு கீறல், விலை என் கைக்கு எட்டும். ஆனால் இருக்கை தாழ்வு. உட்காருவது கிணற்றில் இறங்குவது போல இருந்தது. இன்னொன்று சாம்பல் நிறத்தில் உயரமான வண்டி. இருக்கை சாப்பாட்டு நாற்காலி உயரம். விலையும் உயரம்தான்.

"தினம் எத்தனை பேர் போவீங்கண்ணே?" என்று கேட்டார் ஹார்ன்.

"ரெண்டு பேர்னு வச்சுக்குங்க."

"அண்ணியும் வேலைக்குப் போறாங்களா?"

"இல்லை. மக வீட்ல இருக்கா. வருவா."

"வர்றப்ப வரட்டும்ணே. தினம் எண்பத்து நாலு கிலோமீட்டர் ஓட்டப்போறது நீங்க. சின்னதை எடுத்துட்டுப் போங்க. பெட்ரோலை மோந்து பாத்தே ஓடிடும்."

"அவளுக்கு முழங்கால் வலி. தாழ உட்கார்ந்தா எந்திரிக்க முடியாது."

ஹார்ன் அதற்கு மேல் பேசவில்லை. அவர் பேசாமல் நின்று அன்றுதான் பார்த்தேன். அவர் சொன்னது சரி என்று எனக்கும் தெரியும். ஆனால் உயரமான வண்டியை வாங்கினால் அவள் வருகிறாள் என்று அர்த்தம். சிவப்பை வாங்கினால், அவள் வரப்போவதில்லை என்று நானே முத்திரை குத்திக் கொடுத்தது போல ஆகும். அதனால்தான் அவரிடம் முன்பணம் கொடுத்துவிட்டு, ஓட்டி மைலேஜ் அளந்து பார்க்க ஞாயிறுக்கு ஒரு வண்டியாகக் கேட்டேன். வேன் நிற்பதற்கு இன்னும் மூன்று ஞாயிறு இருந்தது.

மைலேஜை வண்டியின் திரையில் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். என் முறை வேறு. பெட்ரோல் பங்கில் குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பு. வேலைக்குப் போகிற அதே பாதையில் போய்த் திரும்பு. அதே பங்கில் அதே குழாயில் மறுபடி நிரப்பு. போன தூரத்தைக் குடித்த பெட்ரோலால் வகு, அவ்வளவுதான். ஆனால் எந்த அளவையும் நிஜமான பாரத்தோடு எடுக்க வேண்டும், அதுதான் எங்கள் தொழில் தர்மம். அதனால் ஸ்டோர் கீப்பரைக் கெஞ்சி, தேய்ந்துபோய் ஒதுக்கிவைத்த எடைக்கற்களை வாங்கி வந்தேன். இருபது கிலோ மூன்று, இரண்டு கிலோ இரண்டு. மொத்தம் அறுபத்து நான்கு. அதுதான் என் மனைவியின் எடை.

முதல் ஞாயிறு சிவப்பு வண்டி. கற்களைப் பக்கத்து இருக்கையில் அடுக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினால் வண்டி கூக்குரல் போட்டது. ஆள் உட்கார்ந்திருக்கிறார், பெல்ட் போடவில்லையாம். இறங்கிப் போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து இரும்புக்குப் பெல்ட் போட்டுவிட்டேன். வண்டி சமாதானமாகிவிட்டது. பங்கில் பெட்ரோல் போடுகிற பெண் குனிந்து பார்த்தாள்.

"யார் சார் அது?"

"என் வீட்டுக்காரி."

"பாவம், ரொம்பப் பொறுமைசாலி போல," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். போகிற வழியில் ஒரு பள்ளம் வந்தபோது கை என்னை அறியாமல் இடதுபக்கம் நீண்டு கற்களைப் பிடித்துக்கொண்டது. பிடித்த பிறகு வெட்கமாக இருந்தது, ஆனாலும் கையை உடனே எடுக்கவில்லை. சிவப்பு வண்டி பத்தொன்பது புள்ளி நான்கு கொடுத்தது.

அடுத்த ஞாயிறு உயரமான வண்டி. பதினைந்து புள்ளி எட்டு. அன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டேன்.

"உயரமான வண்டி உன்னையும் சேத்துப் பதினஞ்சு புள்ளி எட்டு குடுக்குது. மோசமில்லை."

"என்னையும் சேத்தா? நான் இங்கேயில்ல இருக்கேன்?"

எடைக்கல் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுநாள் ஆயிற்று.

"ஏங்க, இரும்புக்குப் பெல்ட்டும் போட்டீங்களா?"

"போடலைன்னா கத்துது."

"எத்தனை கிலோ வச்சீங்க?"

"அறுபத்து நாலு. நீ கிளம்புற அன்னிக்குப் பெட்டி நிறுக்க ஒரு தராசு கொண்டாந்தேனே, அதுல ஏறி நின்னியே."

"அது அப்போங்க. நான் இப்ப எழுபத்தொண்ணு."

எனக்குச் சுருக்கென்றது. வருஷம் தவறினால் அடுத்தவன் தராசைத் திருப்பி அனுப்புகிறவன், மூன்று வருஷப் பழைய எண்ணை நம்பி இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றியிருக்கிறேன். ஏழு கிலோ. அந்த ஏழு கிலோ எந்த நாட்களில் ஏறியது, எந்த மேஜையில் உட்கார்ந்து என்ன சாப்பிட்டாள், எனக்கு ஒன்றும் தெரியாது.

"சரி, ஏழு கிலோ சேத்து மறுபடி அளக்கறேன்."

"வேண்டாங்க. நான் இல்லாம எவ்வளவு குடுக்குது?"

"அளக்கலை."

"ரெண்டு வண்டியையுமா?"

"ரெண்டையும்தான்."

"தினம் போறது நீங்கதானே? நீங்க மட்டும் உட்கார்ந்து அளந்து பாருங்க. சின்னதையே வாங்குங்க."

"நீ வந்தா அதுல எப்படி ஏறுவே?"

"நான் வந்தா ரெண்டு வாரம் இருப்பேன். ரெண்டு வாரத்துக்கு டாக்சி வச்சுக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. பால் இல்லாவிட்டால் பால் இல்லாத டீ போட்டுக்கொள்ளலாம் என்கிற குரலில், எனக்கு வழி சொல்லிக் கொடுக்கிற மாதிரிதான் சொன்னாள். இரண்டு வாரத்துக்கு வருகிறவர்களை வீட்டுக்காரி என்று சொல்வதில்லை, விருந்தாளி என்பார்கள். அதை அவள் எப்போதோ முடிவு செய்திருக்கிறாள். நான் கேட்காததால் சொல்ல அவசியம் வரவில்லை. கார் வாங்கப் போனதால் தெரிந்தது. நான் சரி என்று மட்டும் சொன்னேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் விளக்குப் போடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது. அதற்கும் எழுந்திருக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு சிவப்பு வண்டியை மறுபடி கேட்டு வாங்கினேன். இந்தத் தடவை கற்களை ஏற்றவில்லை. வண்டி கத்தவில்லை, ஒரு தடவைகூட. வேனில் போகும்போது ஸ்டோர் கீப்பரின் குறட்டையையும் பெயின்ட்காரரின் போனில் ஓடுகிற பாட்டையும் வருஷம் முழுக்கத் திட்டியிருக்கிறேன். அன்று அந்தக் குறட்டைக்கு ஏங்கினேன். நாளை முதல் தினமும் இப்படித்தான், போக நாற்பத்திரண்டு, வர நாற்பத்திரண்டு, ஓய்வுபெறும்வரை. பங்கில் அந்தப் பெண் காலி இருக்கையைப் பார்த்துவிட்டு, "அவங்க வரலையா சார்?" என்றாள். "இறங்கிட்டாங்க," என்றேன். நான்கு லிட்டரும் இருநூறு மில்லியும் பிடித்தது. வகுத்தால் சரியாக இருபது.

நேராக ஹார்னிடம் போனேன். "என்னண்ணே சொல்லுது?" என்று தெருவுக்கே கேட்கக் கேட்டார். "இருபது," என்றேன். "நான் சொன்னேன்ல!" என்று சாவியைக் கையில் திணித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்ததும் அவளைக் கூப்பிட்டேன்.

"சின்னதை வாங்கிட்டேன்."

"நல்லதாப் போச்சு. தனியா அளந்து பாத்தீங்களா? எவ்வளவு குடுத்துச்சு?"

நோட்டு மடியில் திறந்தே கிடந்தது. என் கையெழுத்தில் இருபது என்று எழுதியிருந்தது, கீழே இரண்டு கோடு போட்டு.

"பதினெட்டு," என்றேன்.

"என்னை வச்சு அளந்தப்ப?"

"பத்தொன்பது புள்ளி நாலு."

"அது எப்படிங்க? ஆள் குறைஞ்சா கூடத்தானே குடுக்கணும்?"

"எனக்கும் புரியலை. நீ இல்லாம கம்மியாத்தான் ஓடுது."

முப்பது வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள். கால் கிராம் வித்தியாசத்துக்காகச் சொந்த அண்ணன் கடைத் தராசைத் திருப்பி அனுப்பியவன் நான் என்று அவளுக்குத் தெரியும். அதற்காக அண்ணனும் அண்ணியும் இரண்டு வருஷம் வீட்டுப் படி ஏறவில்லை என்பதும் தெரியும்.

"தப்பா அளந்திருப்பீங்க," என்றாள்.

"இருக்கலாம்."

"மறுபடி அளந்து பாருங்க."

"எத்தனை தடவை அளந்தாலும் அதேதான் வரும்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரி, வைக்கிறேங்க," என்றாள். ஆனால் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அப்புறம் அங்கே கைக்குழந்தை அழ ஆரம்பித்தது, அவள் போய்விட்டாள்.