நாற்பத்து மூன்றாவது ஆள்

பாதுகாப்பு அதிகாரி டிப்ளமோவின் எழுத்துத் தேர்வையெல்லாம் நாகஜோதி ஒரே மூச்சில் தேறிவிட்டாள். செய்முறைத் தேர்வுதான் இரண்டு முறை அவளைக் கவிழ்த்தது. மண்டபத்து இறால் கம்பெனியில் அவள் நடத்தும் தீ ஒத்திகையில் சைரன் ஒலித்ததும், உள்ளே இருக்கும் அத்தனை பேரும் பின்வாசல் வழியாக வெளியேறி, மூன்று நிமிடத்துக்குள் வேப்பமரத்தடிக்கு வந்துவிட வேண்டும். இந்த முறையும் தவறினால் கம்பெனி தருவதாகச் சொன்ன வேலை வேறு யாருக்கோ போய்விடும். வீட்டில் அய்யாவிடம் மூன்றாவது தடவையாக அதே செய்தியைச் சொல்ல அவளுக்கு வாய் வராது.

மற்ற இடங்களில் நெருப்பென்றால் ஜனங்கள் ஓடுவார்கள். இங்கே இறால் உரிக்கும் பெண்கள் சாவகாசமாக முன்வாசலுக்குப் போய், கம்பெனி பூட்ஸைக் கழற்றி அடுக்கிவிட்டு, தங்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். போன தடவை ஏழு நிமிடம் ஆனது. கேட்டால், பூட்ஸோடு மணலில் இறங்கினால் சூப்பர்வைசர் திட்டுவாராம். அவர்களில் ஒருத்தியான கருத்தம்மாள்தான் அவளுக்கு விளக்கினாள்.

"நெருப்பு என்னைக்கோ வரும் தாயி. அந்தாளு தெனமும் வாராரே."

நாகஜோதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது. மூன்றாம் தேர்வன்று வேலை தொடங்கியதும், அவளும் கருத்தம்மாளுமாக நாற்பத்திரண்டு ஜோடிச் செருப்பையும் மீன் பெட்டிகளில் அள்ளிப்போய் வேப்பமரத்தடியில் பரப்பினார்கள். உள்ளே எல்லோரிடமும் சொல்லியும் வைத்தார்கள்.

தேர்வாளர் காஜா நவாஸ் பத்து மணிக்கு வந்தார். தீயணைப்புத் துறையில் முப்பது வருடம் இருந்தவர். உயிர் முக்கியமா உடைமை முக்கியமா என்று வகுப்பில் மேசையைத் தட்டித் தட்டிக் கேட்கிறவர். பெருநாளுக்கு வாங்கிய புது ஷூவை முன்வாசலில் பத்திரமாக ஓரம்கட்டிவிட்டு, கம்பெனி பூட்ஸில் காலை நுழைத்தார். வந்துபோகிறவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது அவரே நடத்திய பாடம். நாகஜோதி பதிவேட்டில் நாற்பத்து மூன்றாவதாக அவர் பெயரை எழுதிக்கொண்டாள்.

சைரன் ஒலித்தது. செருப்பு இருந்த திசைக்குப் பெண்கள் பறந்தார்கள். இரண்டே நிமிடத்தில் மரத்தடி நிறைந்துவிட்டது. நாகஜோதி தலைகளை எண்ணினாள். நாற்பத்திரண்டு. மறுபடி எண்ணினாள், அதே நாற்பத்திரண்டு. மூன்று நிமிடமும் முடிந்துவிட்டது.

நான்காவது நிமிடத்தில், முன்பக்கமிருந்து கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு காஜா நவாஸ் வந்தார். காலில் புது ஷூ, லேஸ் கட்டாமல்.

எத்தனை பேர் என்று கேட்டார். நாற்பத்து மூன்று என்று சொல்லிவிட்டால் வேலை கையில், அவரும் மறுக்கப்போவதில்லை. சொல்லத்தான் ஆசையாக இருந்தது. படித்த படிப்பு விடவில்லை.

"நாப்பத்திரெண்டு பேரு உசுரோட இருக்காக சார். நீங்கதான் செத்துப் போயிட்டீக."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். காஜா நவாஸ் தன் காலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தேர்வுத்தாளை வாங்கி, 'வெளியேறியவர்கள் 42. சிக்கியவர் 1, தேர்வாளர்' என்று எழுதி, அதன் கீழே 'தேர்ச்சி' என்று போட்டுக் கையெழுத்திட்டார். கண்ணீர் முட்டியதில் நாகஜோதிக்கு எழுத்தே தெரியவில்லை.

தாளைக் கொடுத்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடுத்த தடவ என் ஷூவையும் தூக்கி அங்கன வச்சிரும்மா."