கூட்டமில்லாத கல்லூரி

முப்பது கல்லூரி. பாடம் ஒன்று, பரீட்சை ஒன்று, பட்டத்தில் குத்தும் முத்திரையும் ஒன்று. ஆனாலும் அந்தப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்க வேண்டுமானால், முப்பதில் ஒன்றைப் பொறுக்கி விண்ணப்பத்தில் எழுதியாக வேண்டும். எவன் வைத்த சட்டமோ!

பள்ளியில் கடைசி வருஷம் படிக்கும் ஹெட்டி அதிகம் யோசிக்கவில்லை. ஜூலையில் சுற்றிப் பார்க்கப் போனபோது, "பிடிக்காத விஷயத்துக்கும் நாம ஏன் தலையாட்டறோம்?" என்று மார்ஷ்கேட் கல்லூரியில் கேட்டாள். அங்கே பாடம் நடத்தும் டாக்டர் வின்டர்போர்ன் அம்மாள் பத்து நிமிஷம் நின்று பேசினார். "இங்க வந்து சேரு. வாராவாரம் உக்காந்து இதையே பேசலாம்" என்றார். அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

அப்பா கிரஹாமுக்கு அது போதவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர், குடை எடுப்பதா வேண்டாமா என்பதற்கே மூன்று வானிலை அறிக்கை பார்ப்பவர். போன வருஷம் எந்தக் கல்லூரிக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று அட்டவணை போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டார்.

"மார்ஷ்கேட்ல ஒரு இடத்துக்குப் பதினோரு பேரும்மா! ஆஸ்வின் கல்லூரில ரெண்டே பேர். கண்ண மூடிட்டு ஆஸ்வின் போடு."

"அது ஊருக்கு வெளியே மேட்டு மேல இருக்குப்பா."

"அதான் கூட்டமில்ல. ஒருத்தனுக்கும் இது தோணல பாரு!"

ஹெட்டி தலையாட்டினாள். உளவியல் படிக்கப் போகிறவள் அல்லவா!

டிசம்பரில் நேர்காணலுக்கு அந்த மேட்டில் மூச்சிரைக்க ஏறினாள். காத்திருக்கும் அறையில் உட்கார நாற்காலி இல்லை. ஜன்னல் திட்டில்கூட ஆள்.

"நீ எப்படி இங்க?" என்று பக்கத்துப் பையனைக் கேட்டாள்.

"போன வருஷம் இங்க கூட்டமே இல்லியாம். எங்கம்மா கண்டுபிடிச்சாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றான். ஏழெட்டுப் பேர் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். நாட்டிலுள்ள அத்தனை அறிவாளிப் பெற்றோரும் ஒரே ரகசியத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

உள்ளே, புருவம் நரைத்த பேராசிரியர் அலுப்போடு கேட்டார்: "நீ ஏம்மா ஆஸ்வினுக்கு வந்தே? காலையிலேர்ந்து பதினாறு பேர் தோட்டம் பிடிச்சிருக்குன்னுட்டாங்க. எங்களுக்குத் தோட்டமே கிடையாது."

ஹெட்டிக்கு அழுகையே வந்துவிட்டது. "எனக்கு மார்ஷ்கேட்தான் சார் வேணும். அங்க கூட்டம்னு அப்பா சொன்னார். தலையாட்டிட்டேன்."

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "அட பாவமே! பதினோரு பேர்னதும் எல்லாரும் பயந்து ஓடிட்டாங்க. இந்த வருஷம் அங்க நாலு இடம், வந்ததே அஞ்சு பேர்தான். ஆளே வரலன்னு வின்டர்போர்ன் புலம்பிட்டிருக்காங்க."

வெளியே வந்து அப்பாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பாவம், மனசு உடைந்து உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்தாள்.

"மார்ஷ்கேட்ல எத்தனை பேர்னு சொன்னே?"

"அஞ்சு."

"இரு, எழுதிக்கறேன். அடுத்த வருஷம் உன் தங்கச்சிய கண்ண மூடிட்டு அங்க போட்டுடலாம்."

"அப்பா! அவளுக்கு எங்க போக ஆசைன்னு கேட்டீங்களா?"

"இதோ, பக்கத்துலதான் நிக்கறா. தலையாட்டறாளே!"