பத்து மணி நடை

வேறொருவர் போட்ட தையலை என் கண் தப்பவிடாது. பதினேழு வருஷமாகத் துணியோடு மல்லுக்கட்டுகிறவள் நான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் நாய் பட்டனின் வயிற்றுப் பட்டையைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தபோது, கைப்பிடி சேரும் இடத்தில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. நான் தைத்த தையல் அங்கே இல்லை. யாரோ அதைப் பிரித்து, உள்ளே மெத்தென்று ஃபிளானல் துணி வைத்து, மறுபடி தைத்திருந்தார்கள்.

கைப்பிடி கழன்று வராமல் இருக்க ஒரு சதுரம் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி போடுவது எல்லாத் தையல்காரர்களும் செய்வதுதான். ஆனால் பெருக்கல் குறியின் நடுவில் ஊசியை நிறுத்தி, மூன்று தையல் பின்னால் வந்து, மறுபடி முன்னால் போகிற கிறுக்குப் பழக்கம் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. என் நாத்தனாருக்கு. அவரோடு நான் பேசி இரண்டு வருஷம் ஆகிறது.

ஈரப் பட்டையைப் பிடித்தபடி குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். பட்டன் என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. குட்டியாக இருந்தபோது கடையில் ஒரு கோட்டுப் பட்டனை விழுங்கி, இரண்டு நாள் எங்களைத் தவிக்கவிட்டு, அப்புறம் அதைப் பத்திரமாக வெளியே அனுப்பிவைத்ததால் வந்த பெயர் அது. ‘எங்களை’ என்றால் அப்போது நானும், அண்ணி என்று நான் கூப்பிடும் அந்த நாத்தனாரும். இருவரும் சேர்ந்து தையல் கடை நடத்தினோம். நான் அளவெடுத்து வெட்டுவேன், அவர் தைப்பார். ஒன்பது வருஷம், ஒரு முகச்சுளிப்புகூட இல்லை. பிறகு ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை ஆர்டர் வந்தது. இருவரும் உட்கார்ந்து மாதிரி தைத்தோம், இருவரும் போய்க் காட்டினோம். விண்ணப்பத்தில் மட்டும் அண்ணி தன் ஒருத்தி பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். பள்ளிக்கூட வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்கே தெரியும். “உங்க அண்ணி தனியா கடை போடறாங்களாமே, நீங்க கூடப் போகலையா?” என்று அந்த மனிதர் அப்பாவியாகக் கேட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். “உங்க அக்கா பேச்சு இனிமே இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது.”

“சரி,” என்றார்.

அவர் எதற்கும் சரி என்கிறவர். பஸ் ஓட்டுகிறார். யார் எங்கே கை காட்டினாலும் வண்டியை நிறுத்திவிடுவார் என்று டிப்போவில் கேலி செய்வார்கள். நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொல்வார்கள். எதிரே நிற்பது யாராக இருந்தாலும் அவருக்குச் சரிதான் என்பது எனக்கு உறைக்கப் பதினான்கு வருஷம் ஆயிற்று.

இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு பூனையைப் பார்த்துவிட்டு வெட்டும் மேசையிலிருந்து குதித்தது பட்டன். இடது பின்னங்காலை அதற்குப் பிறகு தரையில் ஊன்றவில்லை. முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது, ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். அதை முடித்து வீட்டுக்கு அனுப்பும்போது அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

“நான் செஞ்சது பாதிதான்மா. மீதியை நீங்கதான் வீட்ல செய்யணும். அவசரப்பட்டு ஓட விட்டீங்கன்னா உள்ள வெச்ச தகடு பெயர்ந்துடும். பயந்துபோய் படுக்கவே வெச்சீங்கன்னா தொடைச் சதை கரைஞ்சு, பாரமெல்லாம் வலது காலுக்குப் போய், அந்த ஜவ்வும் கிழியும். அப்புறம் இது எழுந்திருக்கவே எழுந்திருக்காது.”

வீட்டை ஆஸ்பத்திரி ஆக்கினேன். முன்னறையில் கூண்டு வைத்தோம். காலை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு. சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்து ஐஸ் ஒத்தடம் கொடுப்பதும், முழங்காலை மெதுவாக மடக்கி நீட்டுவதும் என் வேலை. பின்பக்கத்தைத் தாங்கிப் பிடித்து நடத்துவதற்காகக் கான்வாஸ் துணியில் வயிற்றுப் பட்டையும் நானே தைத்தேன். காலை பத்து மணி நடை மட்டும் கணவர் பொறுப்பு, ஞாயிறு மட்டும் அதற்கு ஓய்வு. முதல் ஷிஃப்ட் முடித்து ஒன்பதே காலுக்கு அவர் வருவார், ஒன்பதரைக்கு நான் கடைக்குக் கிளம்புவேன். ஐந்து நிமிஷத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். தினமும் மத்தியானம் போன் செய்து கேட்பேன். “நடந்தாச்சு, நடந்தாச்சு,” என்பார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

டாக்டர் தொடையின் சுற்றளவை அளப்பதைப் பார்த்து எனக்கும் கை துறுதுறுத்தது. அளவெடுப்பதில் எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? ஞாயிறுதோறும் என் நாடாவால் அளந்தேன். ஆபரேஷன் ஆன புதிதில் இரண்டு தொடைக்கும் நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம். ஏழாவது வாரம் ஒன்றரைதான். “உங்க கையில ஏதோ ராசி இருக்கும்மா,” என்றார் டாக்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை. சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்களையெல்லாம் நிற்கவைத்து நாயின் தொடை அளவைச் சொல்லி அனுப்பினேன்.

அந்தப் பெருமை முழுக்க இப்போது சோப்புத் தண்ணீரில் கிடந்தது.

கணவர் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பட்டையை அவர் முன்னால் போட்டேன்.

“இதை யார் தைச்சது?”

“எதை?”

“உங்க அக்கா கை எனக்குத் தெரியாதா? எப்பலேர்ந்து?”

கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “ரெண்டாவது வாரத்துலேர்ந்து.”

“எதுலேர்ந்து?”

“கோபப்படாம கேளு. தூக்கி நிறுத்தினப்போ அது கத்தின கத்துல பயந்துபோயிட்டேன். தகடு கிகடு பெயர்ந்துட்டா நீ என்னைச் சும்மா விடுவியா? அக்காவுக்கு போன் பண்ணேன். அக்கா வீட்ல படியே இல்லை, ரூமும் பெருசு. கார்ல கொண்டு போய்க் கொண்டு வந்துட்டேன்.”

“தினமுமா?”

“தினமும்தான். நாள் தவறாம,” என்றார், அதில் ஏதோ கெட்டிக்காரத்தனம் இருப்பதுபோல.

“அவங்க நாயை நடத்தும்போது நீங்க என்ன பண்ணுவீங்க?”

“சோபால கொஞ்சம் கண்ணசருவேன். காலைல மூணரைக்கு எழுந்திருக்கறேன் இல்ல?”

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. “சொல்லியிருந்தா நீ வேண்டாம்னு நின்னிருப்பே. நாய்க்கு நல்லதுதானே நடந்திருக்கு?” என்று வேறு கேட்டார். அதுதான் என்னால் தாங்க முடியாதது. கெடுதல் செய்திருந்தால் வாய் நிறையத் திட்டியிருக்கலாம். நல்லது செய்து ஏமாற்றியிருக்கிறார்கள், திட்டக்கூட வழியில்லாமல். நான் அழுதேன். நாய்க்காக இல்லை. ஆறு வாரம் அந்த “நடந்தாச்சு”வை நம்பி நிம்மதியாகச் சாப்பிட்டேனே, அதை நினைத்து அழுதேன்.

“நாளைலேர்ந்து நானே நடத்தறேன். உங்க அக்கா வாசப்படியை இது மிதிக்கக் கூடாது.”

“சரி,” என்றார்.

மறுநாளிலிருந்து கடையைப் பதினோரு மணிக்குத் திறந்தேன். பத்து மணிக்குப் பட்டையைக் கட்டி வெளியே கூட்டி வந்தால், பட்டன் நேராகக் காருக்குப் போய்ப் பின்கதவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது. கொஞ்சினேன், பிஸ்கட்டைக் காட்டினேன், கடைசியில் அதட்டினேன். நாலு அடி வந்து மூன்று காலில் நின்றது. இழுக்கவும் பயம், விடவும் பயம். அங்கே என்னென்ன செய்தார்கள் என்று கணவரிடம் கேட்டேன்.

“கீழ கம்பெல்லாம் வரிசையா வெச்சுத் தாண்ட விடுவா.”

“எத்தனை கம்பு? எவ்வளவு உயரம்?”

“நான் தூங்கிட்டிருந்தேனே.”

இரண்டாவது ஞாயிறு அளந்தபோது வித்தியாசம் இரண்டரை. நாடா முறுக்கியிருக்கும் என்று மறுபடி அளந்தேன். மூன்றாவது தரமும் அதே இரண்டரை. மறுநாளே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். வலது முழங்காலை அழுத்திப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

“லேசா வீங்கியிருக்கு. எதையாவது மாத்தினீங்களா?”

“நடத்தற ஆளை மாத்தினோம்.”

“பழைய ஆளையே கூப்பிடுங்கம்மா. இன்னும் ஆறு வாரம் ரொம்ப முக்கியம். இந்தக் காலும் போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

காரில் பட்டன் பின்சீட்டில் படுத்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே வண்டியை எடுக்காமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என் ரோஷம் எனக்குப் பெரிதுதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதைச் சுமக்க வேண்டியது நானில்லை, இந்த மூன்றரைக் கால் ஜீவன். அடுத்த நாள் பத்து மணிக்கு, கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அண்ணி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

மணி அடிப்பதற்குள் கதவு திறந்தது. அண்ணியின் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. நெற்றியோரம் நரை கூடியிருந்தது. பட்டன் என் கையிலிருந்து திமிறியது.

“ரெண்டு வாரமா ஏன் அனுப்பலை?” என்றார். குரலில் கோபமில்லை, கவலைதான். “திரும்பவும் என்மேல வருத்தமா?”

“திரும்பவுமா?”

“நீதானே மனசு மாறி அனுப்பினே? ‘அவளே உன்கிட்ட விடச் சொன்னா, பேச மட்டும் இன்னும் கொஞ்ச நாளாகும், நீயா போன் பண்ணி அவசரப்படுத்தாதே’ன்னு தம்பி சொன்னான். நானும் பண்ணலை.”

அவர் தோளுக்குப் பின்னால் முன்னறை தெரிந்தது. மேசை, நாற்காலி எல்லாவற்றையும் சுவரோரம் ஒதுக்கியிருந்தார். வழுக்கும் தரை மூலைக்கு மூலை தடித்த விரிப்பால் மூடியிருந்தது. நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட துணி. அந்தப் பள்ளிக்கூடச் சீருடைத் துணியின் வெட்டு மிச்சத்தை ஒட்டுப்போட்டு, நாலு மடிப்பு வைத்துத் தைத்திருந்தார். நான் வெட்டியிருக்க வேண்டிய துணி. அதன்மேல் மரக்கம்புகள் வரிசையாகக் கிடந்தன.

“என்கிட்ட அவர் தானே நடத்தறதாத்தான் சொன்னார், அண்ணி,” என்றேன். “நான் யாரையும் அனுப்பலை.”

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டார்.

“அப்போ நீ சரின்னு சொல்லவே இல்லையா?”

“இல்லை.”

“கடைக்கு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருந்தேனே, எங்களுக்குள்ள சரியாயிடுச்சுன்னு.” அவர் முகம் சிவந்தது. “பைத்தியக்காரி மாதிரி சொல்லிட்டிருந்தேன்.”

இந்த வாசலில் நின்று சொல்வதற்காக இரண்டு வருஷமாக நான் சேர்த்துவைத்திருந்த பேச்சு நிறைய. அதில் ஒன்றும் இந்தப் பொய்க்குப் பொருந்தவில்லை. என் வீட்டுக்காரர் எங்கள் இருவருக்கும் ‘சரி’ சொல்லியிருக்கிறார், ஆளுக்கொரு பொய்யாக. அது புரிந்தது. ஆனாலும் ஏமாந்தவள் என்கிற இடத்தை அண்ணியோடு பங்குபோட்டுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. முதலில் என்னை ஏமாற்றியது அண்ணிதானே?

“சீருடை விஷயத்தை நான் இன்னும் மறக்கலை, அண்ணி. மன்னிக்கவும் இல்லை.”

“இப்போ தெரியுது.”

“நாய்க்கு இன்னும் ஆறு வாரம் நடை வேணும். என்கிட்ட அது நடக்க மாட்டேங்குது. உங்களுக்கு இஷ்டமில்லைன்னா…”

“இஷ்டமில்லைன்னு யார் சொன்னா? குடு.” கையை நீட்டிக் கழுத்து வாரை வாங்கிக்கொண்டார். “தம்பியை அனுப்பாதே.”

“அவர் வர மாட்டார். நான்தான் கொண்டு வருவேன்.”

பட்டன் வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே போனது. விரிப்பை மிதித்ததும் நாலாவது காலையும் ஊன்றியது. அண்ணி பின்னாலேயே குனிந்து, பட்டையை லேசாகப் பிடித்து, “மெதுவா, மெதுவா” என்று முதல் கம்பைத் தாண்டவைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, “அரை மணி ஆகும்,” என்றார்.

நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே வா என்று அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்.