பாதி உதட்டுச் சாக்ஸபோன்

இசைக்குழுவில் எல்லோரும் அவரைப் ‘பெருமூச்சு’ என்றுதான் கூப்பிடுவார்கள். சாக்ஸபோனில் ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் இழுப்பார். அவர்கள் வாசித்தது ஃபங்க். உட்கார்ந்திருப்பவனை எழுப்பி ஆடவிடுகிற இசை. இருபத்திரண்டு வருடம், பதினொரு இசைத்தட்டு. மூன்றின் அட்டையில் அவர் முகம்.

அந்த முகம்தான் ஒரு காலையில் பல் துலக்கும்போது இடப்பக்கம் தொங்கிப்போனது. கொப்பளித்த தண்ணீர் வாயில் நிற்கவில்லை. நரம்பு வீக்கம், மெல்லச் சரியாகலாம் என்றார் மருத்துவர். கண் சரியானது, கன்னமும் ஒருவாறு பழைய நிலைக்குத் திரும்பியது. உதட்டோரம் மட்டும் வரவில்லை. ஊதினால் காற்று அந்த வழியே ஒழுகியது. குழு நான்கு மாதம் காத்திருந்தது. பிறகு, “வேற ஆளைப் போட்டுக்குங்க” என்று அவரே சொல்லி அனுப்பினார்.

மனைவிக்குச் சலவைக்கடை. சும்மா இருக்க முடியாமல் அங்கே போய் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தார். சட்டைக் காலரை அவர் மடித்த நேர்த்தியைப் பார்த்து, “இந்தக் கையை இத்தனை வருஷம் ஊதவிட்டு வீணாக்கிட்டேனே” என்றாள் அவள். சிரித்தார். சிரிப்பும் ஒரு பக்கமாகத்தான் வந்தது.

ஒரு மதியம் பின்னறையில், உலரப்போட்ட விரிப்புகளுக்கு நடுவே, அவர் சாக்ஸபோனோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவருடைய உதட்டோரத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள்.

“ஊதுங்க.”

“உனக்குக் கை வலிக்கும்.”

“கம்பளி பிழியுற கை. ஊதுங்கன்னா.”

கரகரவென்று இரண்டு ஸ்வரம் வந்தது. அவருக்குக் கண் கலங்கியது. அவள் காணாததுபோல் இருந்தாள்.

தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அது நடந்தது. ஆறேழு மாதத்தில் வாத்தியத்தை வாயின் வலது ஓரத்தில் கவ்வப் பழகினார். மூச்சு நீளவில்லை. ஆனால் வெட்டி வெட்டி ஊத வந்தது.

திரைச்சீலையைச் சலவைக்குப் போட வந்த குழுவின் டிரம்ஸ்காரர் அதைக் கேட்டுவிட்டார். “டேய், இப்படி ஊதிக்கிட்டு இங்க என்னடா பண்றே? ஞாயித்துக்கிழமை கச்சேரிக்கு வா.”

மேடையில், அவருடைய இடத்துக்கு வந்திருந்த பெண் மைக்கைத் தள்ளி வைத்து இடம் விட்டாள். “இழுக்கிறதை நான் பாத்துக்கறேன் சார். வெட்டுறது உங்களுது.”

இரண்டாவது பாட்டில் உதடு மக்கர் பண்ணியது. நிறுத்திவிட்டார். மேடையோரம் நின்ற மனைவி பதறி ஓரடி எடுத்து வைத்தாள். அவர் வேண்டாமென்று தலையசைத்தார். தாளம் அவருக்காக நான்கு முறை சுற்றி வந்தது. ஐந்தாவது சுற்றில் ஒரே ஒரு ஸ்வரம் வைத்தார். அரங்கமே எழுந்துவிட்டது.

திரும்பும்போது பேருந்தில் மனைவி கேட்டாள்: “அந்த இடத்துல பயந்துட்டீங்களா?”

“இல்லம்மா. அவங்க எல்லாரும் வாசிச்சது அவ்வளவு நல்லாருந்துச்சு. கேட்டுக்கிட்டே நின்னுட்டேன்.”