தழுதாழைக் கட்டை

வாய்க்காலை நீந்திக் கடந்ததில் தீப்பெட்டி ஊறிக் கூழாகியிருந்தது. இராயப்பன் அதை விட்டெறிந்தான். மில் வாசலில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் சுட்ட குண்டு அவனுடைய இடது தோளுக்குக் கீழே சதையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டியும் ரத்தம் முழங்கை வழியாகச் சொட்டியது. ரெட்டியார்பாளையம் தாண்டிய புதர்க்காட்டில் அவனோடு வந்து விழுந்தவன் கண்ணையன். எட்டு மணி நேர வேலை கேட்டு எல்லோரும் வெளியே நின்றபோது இவன் மட்டும் உள்ளே போனான் என்று, போன வாரம் இதே இராயப்பன்தான் அவனுடைய முன்பல் இரண்டை உடைத்திருந்தான். துப்பாக்கி வெடித்ததும் இருவரும் ஒரே பக்கம் ஓடியிருந்தார்கள்.

"காயத்தத் தீயால சுட்டாத்தான் ரத்தம் நிக்கும்," என்றான் கண்ணையன்.

"ஊருக்குள்ள போயி நெருப்பு வாங்கியாயேன்."

"தெருவுக்குத் தெரு துப்பாக்கியோட சொல்தா சிப்பாயி நிக்கிறான். போனா திரும்ப மாட்டேன்."

ஆடு மேய்த்த காலத்தில் கட்டையைக் கடைந்து தீ எடுத்தவன் கண்ணையன். அதற்கு ஏற்ற தழுதாழைச் செடியைத் தேடிப் புதர் புதராகப் புகுந்தான். முதலில் கிடைத்த கிளை வளைந்தது, ஒடியவில்லை, பச்சை. தரையில் கிடந்தது நகம் பட்டதும் மாவாக உதிர்ந்தது. இப்படியே நடந்து போய்விட்டால் என்ன என்று நின்றான். உதடு இன்னும் வீங்கித்தான் இருந்தது. பின்னால் இராயப்பன் "மாதாவே, மாதாவே" என்று முனகுவது கேட்டது. செடியிலேயே பட்டுப்போய் நின்ற ஒரு கிளையை இழுத்தான். பட்டென்று ஒடிந்தது. நகத்தை அழுத்தினான். தடம் பதிந்தது, உதிரவில்லை.

இடுப்பில் செருகியிருந்த கத்தியால் அதைச் சீவித் தட்டையாக்கிக் குழி வெட்டினான். அதே கிளையில் நறுக்கிய கோலை அதில் நிறுத்தி உள்ளங்கைகளுக்கிடையே உருட்டினான். கொப்புளம் எழும்பி உடைந்தது. கோல் ரத்தத்தில் வழுக்கியது. கையை மண்ணில் தேய்த்துக்கொண்டு மறுபடி கடைந்தான். கறுத்த தூளிலிருந்து புகை வந்ததும் காய்ந்த பனைநாரில் கொட்டி ஊதினான். சுள்ளி பற்றியது.

நெருப்பில் வைத்த கத்தி சிவந்தது. அதைப் பார்த்ததும் இராயப்பன் பின்னால் நகர்ந்தான்.

"பழி தீத்துக்கிறியா?"

"ஆமான்னே வெச்சிக்க. துண்டக் கடி."

மார்பில் முழங்காலை ஊன்றிக் கத்தியைக் காயத்தில் அழுத்தினான். இராயப்பன் துள்ளினான்; காலால் அவன் விலாவில் உதைத்தான். கண்ணையன் தேவைக்கு மேல் ஒரு மூச்சு நேரம் அழுத்திக்கொண்டிருந்தான். ஏனென்று அவனுக்கே தெரியவில்லை.

ரத்தம் நின்றது. சாலைப் பக்கம் விசில் சத்தம் கேட்டது. புதருக்கு மேலே புகை பனை உயரத்துக்கு நேராக எழுந்து நின்றது. கண்ணையன் வெறுங்காலால் நெருப்பை மிதித்து அணைத்தான். பிறகு தோலுரிந்த கைகளை இராயப்பனின் அக்குளில் கொடுத்து மேற்கே இழுத்தான். செம்மண்ணில் இழுபட்ட இரண்டு குதிகால்களின் கோடு அவர்கள் கூடவே நீண்டுகொண்டு வந்தது.