இடது பக்கக் குண்டு

ரகுநாதன் ஒரு ஜன்னலின் மேல் பித்துப் பிடித்து அலைந்தார் என்றால் அவருடைய ஆபீஸில் யாரும் நம்பமாட்டார்கள். பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பார்ப்பவர் அவர். அடுத்தவர் வீட்டில் உடைந்தது, ஒழுகியது, கருகியது எல்லாவற்றையும் போட்டோவில் பார்த்துவிட்டு, இதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பணிவாக எழுதி அனுப்புவது உத்தியோகம். தன் கையால் ஓர் ஆணி அடித்தவரில்லை. திருச்சியில் இருந்தவரைக்கும் பல்பு மாற்றக்கூட ஆள் கூப்பிடுவார் என்பது அவர் மனைவி சந்திரகலாவின் சாட்சியம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். மார்க் போடுவதில் கை தாராளம் கிடையாது.

அப்படிப்பட்டவருக்கு ஈசா டவுன் ஓரத்தில் இந்த வீடு வாடகைக்கு வாய்த்தது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் தன் ஊர் நினைப்பில் கட்டிக்கொண்ட வீடு. ஜன்னல்கள் பக்கவாட்டில் திறக்காது. கண்ணாடி பதித்த இரண்டு மரச்சட்டங்கள் மேலும் கீழுமாக நிற்கும். கீழ்ச்சட்டத்தைப் பிடித்து மேலே தூக்கவேண்டும். கையை எடுத்தாலும் விழாது. ஏனென்றால் நிலையின் இரண்டு பக்கமும் உள்ளே கூடு விட்டிருக்கிறது. அதற்குள் கப்பி வழியாக வரும் கயிற்றில் ஓர் இரும்புக் குண்டு தொங்குகிறது. சட்டம் மேலே போனால் குண்டு கீழே இறங்கும், அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் இவர்கள் குடிவந்தபோது எந்த ஜன்னலும் அசையவில்லை. கயிறுகள் இற்றுப்போயிருந்தன. இடுக்கு வழியாகப் புழுதி தாராளமாக வந்து சோபாவில் உட்கார்ந்தது.

"ரகு பாய், லக்கடி கலாஸ்," என்றார் வீட்டுக்காரர் முகம்மது யூசுப். மரமெல்லாம் முடிந்த கதை, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு அலுமினியம் போட்டுத் தருகிறேன் என்பது அவர் கட்சி. ரகுநாதனுக்கு அந்த நிமிஷம் என்ன தோன்றியதோ தெரியாது. வேண்டாம், நானே சரிபண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவரே கொஞ்சம் பயந்துபோனார்.

அந்தக் குளிர்காலத்து வெள்ளிக்கிழமை லீவுகள் எல்லாம் ஜன்னலுக்கே போயின. பழைய பெயின்டைச் சுரண்டினார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், கப்பல் சாமான் விற்கிற கடையில் பருத்திக் கயிறு வாங்கிவந்தார். தோசைக்கல்லுக்குத் தடவுகிற நினைப்பில் கப்பிக்கு நல்லெண்ணெய் தடவி, ஒரே ஒரு புழுதிக் காற்றில் அது எள்ளுப்பொடி விழுதாகிவிட, ஒரு வாரம் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். சந்திரகலா கராக் டீயும் கையுமாகப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தன்னிக்குக்கூட இவ்வளவு உத்துப் பார்க்கலை நீங்க."

"அன்னிக்கு உங்க அப்பா பக்கத்துலயே உட்கார்ந்திருந்தார் கலா. இங்க யாரும் இல்லை."

ஒரு நாள், நிலையின் கீழ்ப்பகுதியில் இருந்த சின்னப் பலகை மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் கூட்டையும் குண்டையும் அவளுக்குக் காட்டினார். அவர் காட்டியது இரும்புக் குண்டு. அவள் பார்த்தது லாக்கர்.

இதைப் புரிந்துகொள்ள அவளுடைய நகை விவகாரம் தெரியவேண்டும். கல்யாணத்தில் போட்டதும், வளைகுடாவுக்கு வந்தபிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்ததுமாக நகை கணிசம். அதைத் திருச்சிக்குக் கொண்டுபோய் பேங்க் லாக்கரில் வை என்று ரகுநாதன் ஒவ்வொரு லீவுக்கும் சொல்லுவார். அவளுக்கோ ஏர்போர்ட் கஸ்டம்ஸ் என்றாலே ஆகாது. தெரிந்த ஒருத்தி அரை நாள் உட்கார்ந்து வளையல் வளையலாகக் கணக்குச் சொன்ன கதையைக் கேட்டதிலிருந்து தாலிக்கொடி தவிர எதையும் அவள் விமானத்தில் ஏற்றியதில்லை. 'அதெல்லாம் அண்ணி லாக்கர்ல வச்சாச்சு' என்று ஒரு பொய்யைச் சொல்லி வாயை அடைத்துவிட்டாள். நகை உண்மையில் அரிசி டிரம்மில் இருந்தது. அரிசி டிரம் என்ன லட்சணம் என்று அவளுக்கும் தெரியும். நம் ஜனங்கள் எல்லாரும் அங்கேதான் வைக்கிறோம், திருடனும் நேராக அங்கேதான் போவான்.

ஆகவே கோடை லீவுக்குக் கிளம்புகிற அன்று, ரகுநாதன் பெட்டிகளை எடை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நகைகளைப் பழைய பட்டு ரவிக்கைத் துணியில் நீளமாகச் சுருட்டி, ஹால் ஜன்னலின் இடது பக்கக் கூட்டுக்குள் இறக்கி, மூடியைப் பொருத்திவிட்டாள். ஊரில் நிம்மதியாகத் தூங்கினாள்.

ரகுநாதன் லீவு முடிந்து முன்னாடியே திரும்பிவிட்டார். அவள் பள்ளி திறக்கும் சமயத்தில் வந்து பார்த்தால், ஹால் ஜன்னல் வெள்ளை வெளேரென்று நின்றது. மூடிப் பலகை இருந்த இடமே தெரியவில்லை. இடுக்கெல்லாம் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டு வழித்து, மேலே பெயின்ட் பூசியிருந்தார். பாராட்டுக்காகக் காத்து நின்றார். முதலில் அவள் மூடி இருந்த இடத்தைக் கையால் தடவித் தேடினாள். பிறகு யோசித்துப் பார்த்தால், இதைவிடப் பத்திரமான இடம் வேறு எது? எந்த பேங்க்காரன் இப்படிப் பூசி மெழுகித் தருவான்? நகையை இப்போதைக்கு எடுக்கவேண்டிய அவசரமும் இல்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். எப்படியும் ஏ.சி. ஓடுகிற மாதங்களில் இந்த ஊரில் யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை.

நவம்பர் வந்து காற்று குளிர்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, பொங்கல் வடையுடன், ஜன்னல் திறப்பு விழாவுக்கு ரகுநாதன் ஏற்பாடு செய்தார். விருந்தினர்கள் சேதுமாதவனும் அவர் மனைவி அகிலாவும். பொள்ளாச்சிக்காரர்கள். சேதுமாதவன் மரியாதை குறையாமல் காலை வாருவதில் பெயர் எடுத்தவர்.

ரகுநாதன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கீழ்ச்சட்டத்தைத் தூக்கினார். வெண்ணெயாய் ஏறியது. பாதிக்கு மேல் போனதும் இடது பக்கம் நின்றுவிட்டது. வலது பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் ஏறி, சட்டம் கோணிக்கொண்டு இறுகியது. கீழேயும் வரமாட்டேன் என்றது.

"ஏனுங்க ரகு, கழுத்து சுளுக்கிக்கிச்சுங்களா?" என்றார் சேதுமாதவன்.

"இருப்பா." ரகுநாதன் கயிறுகளைத் தொட்டுப் பார்த்தார். "வலது பக்கம் டைட்டா இருக்கு. இடது பக்கம் தொளதொளன்னு ஆயிடுது. குண்டு பாதியிலயே எது மேலயோ உட்கார்ந்துக்கற மாதிரி இருக்கு. உள்ளதான் ஒண்ணுமே கிடையாதே."

வடைத் தட்டோடு வந்த சந்திரகலா அப்படியே நின்றாள். எது மேல் உட்காருகிறது என்று அவளுக்குத் தெரியாதா என்ன. முகத்தில் வந்ததை மறைக்கவேண்டுமே என்கிற அவசரத்தில் வழக்கமான ஆயுதத்தையே எடுத்தாள்.

"குண்டுக்கும் உங்களை மாதிரிதான் போல. வெள்ளிக்கிழமைன்னா உட்கார்ந்துடணும்."

எல்லாரும் சிரித்தார்கள். ரகுநாதனும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

கோணி நின்ற ஜன்னலைச் சேதுமாதவன் எடுத்த வீடியோ மாலைக்குள் தமிழ் ஆட்கள் வாட்ஸ்அப் குரூப் முழுக்கச் சுற்றிவிட்டது. சிரிக்கிற பொம்மைகளாக வந்து விழுந்தன. ரகுநாதன் ஒருவழியாகச் சட்டத்தைத் தட்டி இறக்கினார். அடுத்த சில நாள் ஆபீஸ் விட்டு வந்ததும் ஏணியில் ஏறினார். மெழுகுவர்த்தியைத் தேய்த்தார், கப்பியைக் கழற்றி மாட்டினார். வெறும் கூட்டுக்குள் குண்டு எதன்மேலும் உட்கார முடியாது. அப்படியானால் கயிற்றை அளந்ததில்தான் தப்பு என்று முடிவு கட்டினார். யூடியூபில் பார்த்துப் பார்த்து, தானே அளந்து, தானே வெட்டிய கயிறு.

மதியம் பள்ளி விட்டு வந்ததும் வீட்டில் அவள் தனி. காய் நறுக்கும் கத்தியோடு இரண்டு தடவை ஜன்னலண்டை போனாள். கீறினால் பெயின்ட் காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுத்தால் அண்ணி லாக்கர் கதை சந்திக்கு வரும். கத்தியைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்தாள்.

வியாழக்கிழமை மாலை ரகுநாதன் ஏணியை மடித்துச் சுவரோரம் சாத்தினார்.

"யூசுப்கிட்ட சொல்லிடப்போறேன். அலுமினியமே போடட்டும். எல்லா ஜன்னலுக்கும்."

"இது ஒண்ணுதானே சரியில்லை. மத்ததெல்லாம் நல்லாத்தானே ஏறி இறங்குது?"

"அது எப்படியோ குருட்டாம்போக்குல வந்துடுச்சு. எனக்குக் கை வராது கலா. போட்டோ பார்க்கத்தான் நான் லாயக்கு."

கேலியாகச் சொல்லவில்லை. மழை வரும் என்பதைப்போலச் சாதாரணமாகச் சொன்னார். இதே வார்த்தையை அவள் கல்யாணமான நாள் தொட்டு எத்தனை விதமாகவோ சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவர் வாயால் கேட்டபோது தாங்கமுடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆட்கள் வந்து நிலையைப் பெயர்த்தால் நகை நடுஹாலில் கொட்டுமே என்ற பயம் வந்ததா என்றால், அதுவும் வந்தது. ஆனால் இரண்டாவதாகத்தான் வந்தது.

ரகுநாதன் போனில் ஸலாம் சொல்லி ஆரம்பித்துவிட்டார். அந்தப் பக்கத்தில் முகம்மது யூசுப், அச்சா அச்சா, சனிக்கிழமை ஆள் வரும் என்று சந்தோஷப்படுவது இவளுக்கே கேட்டது.

"ஏங்க, அப்புறம் பேசறேன்னு சொல்லிட்டு போனை வைங்க."

"எதுக்கு?"

"வைங்களேன்."

அவர் வைப்பதற்குள் கத்தியோடு வந்துவிட்டாள். ஜன்னலுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் வழித்து வழித்துப் பூசிய பெயின்டில் ஆழமாக ஒரு கோடு கிழித்தாள். பட்டி உதிர்ந்தது, மூடி வெளியே வந்தது. அவள் உள்ளே கையை விட்டு, ரவிக்கைத் துணிச் சுருட்டலை இழுத்து மடியில் போட்டாள். ஒரு வளையல் நழுவித் தரையில் உருண்டது.

"இது மேலதான் உட்கார்ந்துச்சு," என்றாள்.

அவர் வளையலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"அண்ணி லாக்கர்?"

"அண்ணிக்கு லாக்கரே கிடையாது."

திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு வரவில்லை. ரகுநாதன் நகையைத் தாண்டிப் போய் கீழ்ச்சட்டத்தைப் பிடித்துத் தூக்கினார். அது போய்க்கொண்டே இருந்தது. உச்சிவரை போய் நின்றது. கையை எடுத்தார், நின்றது. ஒற்றை விரலால் இறக்கினார், ஏற்றினார். மறுபடி இறக்கினார். வெளியே இருந்து குளிர்ந்த காற்று வந்து அவர் சட்டையை உப்ப வைத்தது.

"அப்ப என் அளவு சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு."

"கயிறு?"

"எல்லாந்தான்."

வாழ்நாள் சம்பாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு அதில் ஒரு சின்ன மனத்தாங்கல்கூட வந்தது. அவர் போனை எடுத்தார்.

"யாருக்கு? யூசுப்புக்கா?"

"அவருக்கு அப்புறம். முதல்ல சேதுவுக்கு. என்ன பேச்சு பேசினான்."

"என்ன சொல்வீங்க?"

"குண்டுக்கு அடியில..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றார். அதற்கு மேல் என்ன சொன்னாலும், ரகுநாதன் வீட்டு நகை எங்கே இருக்கிறது என்பது ராத்திரி சாப்பாட்டுக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். வேறு காரணம் எதுவும் அகப்படவில்லை.

"சரி, விடு. கயிறு அளவுதான் தப்புன்னு சொல்லிக்கறேன்," என்றார். யூசுப்புக்கு மட்டும் பேசி, ஆள் வேண்டாம் என்று கெஞ்சி நிறுத்தினார்.

மறுநாள் காலை சேதுமாதவனும் அகிலாவும் இட்லிக்கு வந்தார்கள். ஜன்னல் உச்சிவரை திறந்திருந்தது. சேதுமாதவன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கடைசில என்னங்க பண்ணுனீங்க?"

"கயிறைத் தப்பா அளந்து வெட்டியிருந்தேன்ப்பா. மாத்திட்டேன்."

"நான் அன்னிக்கே நெனச்சேனுங்க. ரகுவுக்கு எழுத்து வேலை வருங்க, அளவு வேலை எங்கீங்க வருது?" அவர் இட்லியைச் சாம்பாரில் முக்கினார். "எங்க பாத்ரூம் கதவு இழுத்துப் பிடிக்குது, ரகுவைக் கூப்பிடலாம்னு இவ சொன்னாளுங்க. நாந்தான் வேண்டாம்னுட்டேன். உள்ள போன ஆளு அப்புறம் வெளிய வரவேண்டாமுங்களா?"

அகிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரகுநாதனும் சேர்ந்து சிரித்தார். சந்திரகலா இருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை. சட்னியை, போட்ட தட்டிலேயே மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்.

"அளவு சரியாத்தான் இருந்துச்சு," என்றாள் சந்திரகலா. "குண்டுக்கு அடியில என் நகை இருந்துச்சு. நான்தான் இவருக்குத் தெரியாம வச்சிருந்தேன்."

ரகுநாதன் கரண்டியைக் கீழே விட்டார்.

"எத்தனை பவுனுங்கக்கா?" என்றாள் அகிலா.

சந்திரகலா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். காலியாகாத சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ரகுநாதன் பின்னாலேயே வந்தார்.

"ஏன் சொன்னே? நான்தான் சமாளிச்சுட்டேனே. இனிமே சேது இதை விடுவானா? வருஷம் முழுக்க உன்னைக் கேலி பண்ணியே தீர்த்துடுவான்."

"பண்ணட்டும்." அவள் இட்லித் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்களுக்குக் கை வராதுன்னு நான் சொல்லுவேன், நாளைக்கும் சொல்லுவேன். அதைக் கண்டவங்க சொல்லிக் கேட்டுட்டு உட்கார்ந்திருக்க என்னால முடியாது."

திரும்பி ஹாலுக்குப் போன ரகுநாதன், சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைக்க மறந்து அதைக் கையில் பிடித்தபடியே, அந்த பாத்ரூம் கதவு மேலே பிடிக்கிறதா கீழே பிடிக்கிறதா என்று சேதுமாதவனிடம் விசாரித்துக்கொண்டு நின்றார்.